பொனிரியில் நின்றுபோன ஃபெர்டினாண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1943 ஜூலை 5 அன்று சோவியத் ஒன்றியத்தின் குர்ஸ்க் போர்முனையின் வடபக்கத்தில் ஜெர்மனியின் 9ஆம் ராணுவம் தாக்குதலைத் தொடங்கியது. அதன் கையில் 89 ஃபெர்டினாண்ட் வண்டிகள் இருந்தன. அன்றைக்குப் போர்க்களத்தில் இருந்த டாங்கி அழிப்பு வண்டிகளிலேயே கனமானதும் தடித்த கவசம் கொண்டதும் அதுதான். அன்று மாலை ஐந்து மணிக்கு, அவற்றை வைத்திருந்த இரண்டு பட்டாலியன்களில் ஒன்றான 653ஆம் பட்டாலியனின் 45 வண்டிகளில் ஓடும் நிலையில் மிஞ்சியவை 12 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவற்றின் கவசம் துளைபடவே இல்லை. கண்ணிவெடியில் சங்கிலித் தடமோ சக்கரமோ உடைந்து, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன.

முன்கவசத்தை எதிரியால் உடைக்க முடியாத ஒரு வண்டி, சண்டையின் முதல் நாளிலேயே எப்படி இத்தனை எண்ணிக்கையில் முடங்கியது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘அதில் இயந்திரத் துப்பாக்கி இல்லை, காலாட்படை அருகே வந்து அழித்துவிட்டது’ என்பது. கிடைக்கும் தரவுகளோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் பொருந்தவில்லை என்பது என் கருத்து. வண்டிக்குக் கொடுத்த வேலை, அந்த வேலைக்கான கண்ணிவெடி அகற்றும் ஏற்பாடு, பழுதான வண்டியை இழுத்துவரும் ஏற்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஃபெர்டினாண்டை முடக்கின.

வண்டி எப்படிப்பட்டது

டைகர் என்ற ஜெர்மானியக் கனரக டாங்கிக்கான வடிவமைப்புப் போட்டியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த மாதிரி ஹென்ஷெல் நிறுவனத்தின் மாதிரியிடம் தோற்றது. ஆனால் முடிவு வருவதற்கு முன்பே ஆஸ்திரியாவின் சங்க்ட் வாலண்டினில் உள்ள நிபெலுங்கன் ஆலையில் சுமார் 100 சட்டகங்கள் தயாராகியிருந்தன. அவற்றை வீணாக்காமல், 1943இன் முற்பகுதியில் 90 சட்டகங்களை டாங்கி அழிப்பு வண்டிகளாக மாற்றினார்கள்.

பீரங்கி, பாக் 43 என்ற 88 மி.மீ. டாங்கி எதிர்ப்பு ரகம். குண்டு விநாடிக்குச் சுமார் 1,000 மீட்டர் வேகத்தில் வெளியேறும். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலும் சோவியத் டி-34 டாங்கியின் முன்கவசம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முன்பக்கத்தில் 100 மி.மீ. தகட்டின் மேல் இன்னொரு 100 மி.மீ. தகட்டைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். டி-34இன் 76 மி.மீ. பீரங்கியால் எந்தத் தொலைவிலிருந்தும் இதை ஊடுருவ முடியாது. பக்கக் கவசம் இதில் பாதிக்கும் குறைவு.

எடை 65 டன். இரண்டு மேபாக் பெட்ரோல் இயந்திரங்கள் மின்னாக்கிகளைச் சுழற்றும். அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் பின்பக்கப் பற்சக்கரங்களை இயக்கும். இயந்திரங்கள் வண்டியின் நடுவில் இருந்தன. அதனால் ஓட்டுநரும் வானொலி இயக்குநரும் முன்னே தனியாக, தளபதியும் பீரங்கிக் குழுவினரும் பின்னே தனியாக உட்கார வேண்டியிருந்தது. இரு பகுதிக்கும் உள்தொலைபேசி ஒன்றே தொடர்பு. சுழல் கோபுரம் கிடையாது. பீரங்கி இருபுறமும் சேர்த்து 30 பாகைக்குள்தான் திரும்பும். அதைத் தாண்டி ஓர் இலக்கு வந்தால் 65 டன்னையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

இதைப் படிக்கும்போதே வண்டியின் இயல்பான இடம் எதுவென்று தெரிந்துவிடும். மேட்டின் சரிவில், முன்பக்கத்தை எதிரிக்குக் காட்டி, இரண்டு கிலோமீட்டர் தூரம் வரை திறந்த வெளி கண்ணுக்குத் தெரிய, நின்று சுடுகிற வண்டி இது. தரை கெட்டியாக இருக்க வேண்டும். பின்வாங்கப் பாதை இருக்க வேண்டும். பக்கவாட்டை வேறு யாராவது காக்க வேண்டும்.

மோடெல் கொடுத்த வேலை

ஃபெர்டினாண்டுகள் அனைத்தும் 656ஆம் கனரக டாங்கி அழிப்பு ரெஜிமென்டில் சேர்க்கப்பட்டன. தளபதி எர்ன்ஸ்ட் ஃபான் யுங்கன்ஃபெல்ட். 653ஆம் பட்டாலியனுக்கு மேஜர் ஸ்டைன்வாக்ஸ், 654ஆம் பட்டாலியனுக்கு மேஜர் நோவாக். மூன்றாவதாக 150 மி.மீ. பீரங்கி பொருத்திய புரும்பேர் வண்டிகளின் 216ஆம் பட்டாலியன். இவற்றோடு கண்ணிவெடி வயலில் வழி திறப்பதற்காக, வானொலியால் இயக்கப்படும் போர்க்வார்ட் பி-4 வெடிமருந்து வண்டிகளைக் கொண்ட 313, 314ஆம் கம்பெனிகள்.

9ஆம் ராணுவத்தின் தளபதி வால்டர் மோடெல் தன் பான்சர் (டாங்கி) டிவிஷன்களில் பெரும்பகுதியை முதல் நாளில் இறக்கவில்லை. காலாட்படையும் கனரக வண்டிகளும் முதலில் சோவியத் அரணை உடைக்கட்டும், பிறகு அந்த வழியாகப் பான்சர்கள் பாயட்டும் என்பது அவருடைய கணக்கு. வடபக்கத்தில் அவரிடம் இருந்த டைகர் பட்டாலியன் ஒன்றே ஒன்று, 505. அதிலும் தொடக்கத்தில் 31 டைகர்கள்தான். ஆக, அரணை உடைக்கும் வேலையின் பெரும்பங்கு ஃபெர்டினாண்டுகளின் தலையில் விழுந்தது.

மோடெலை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சோவியத் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அடர்ந்து கிடந்த ஒரு வரிசையை நேருக்கு நேர் முட்ட வேண்டுமென்றால், 200 மி.மீ. முன்கவசம் உள்ள வண்டியை முன்னால் விடலாம் என்று எந்தத் தளபதிக்கும் தோன்றும். எதிரியின் நேரடிச் சூட்டை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் டாங்கி எதிர்ப்பு அரண் என்பது பீரங்கிகளால் மட்டும் ஆனதில்லை.

ஜூலை 5

சோவியத் மத்திய முனையின் (பல ராணுவங்கள் சேர்ந்த படைத் தொகுதி) தளபதி ரோகோசோவ்ஸ்கி, தன் வலுவான படைகளை 13ஆம் ராணுவத்தின் பகுதியில் குவித்திருந்தார். அதற்குத் தலைவர் புகோவ். முக்கியமான இடங்களில் போர்வரிசையின் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுமார் 1,500 டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பல மரப்பெட்டிக்குள் அடைத்தவை. உலோகத்தைத் தேடும் கருவிக்கு அவை எளிதில் சிக்காது. இதுபோக, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே லாரிகளில் வந்து, ஜெர்மானிய வண்டிகள் வரும் திசையைப் பார்த்து அவற்றின் பாதையில் புதிய கண்ணிவெடிகளைப் பதித்துவிட்டுப் போகும் நகரும் தடுப்புக் குழுக்களும் இருந்தன. குர்ஸ்க்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் டாங்கிகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தக் குழுக்களைப் பற்றிப் பேசுவதில்லை. வடமுனையின் முடிவைத் தீர்மானித்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

திட்டத்தின்படி பி-4 வண்டிகள் முன்னே போய், சுமார் 450 கிலோ வெடிமருந்தைக் கண்ணிவெடி வயலில் இறக்கி வெடிக்கச் செய்யும். அந்த அதிர்ச்சியில் சுற்றியுள்ள கண்ணிகளும் வெடித்து வழி திறக்கும். பொறியாளர்கள் வழியின் இருபுறமும் அடையாளம் வைப்பார்கள். ஃபெர்டினாண்டுகள் அதற்குள் வரிசையாக நுழையும்.

653ஆம் பட்டாலியனின் பக்கத்தில் 314ஆம் கம்பெனி வழிகளைத் திறக்கத்தான் செய்தது. ஆனால் சோவியத் பீரங்கிகள் அந்த இடத்தையே குறிவைத்துப் பொழிந்ததில், பொறியாளர்களால் அடையாளம் வைக்க முடியவில்லை. எங்கு பார்த்தாலும் குண்டு விழுந்த குழி. இதில் எது திறந்த வழி, எது கண்ணி வயல் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. அவருடைய பார்வைத் துளையோ மிகச் சிறியது. வழி விலகிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணிகளில் ஏறின. 654ஆம் பட்டாலியனின் பக்கத்தில் இதைவிட மோசம்: 313ஆம் கம்பெனியின் சில பி-4 வண்டிகள், குறிக்கப்படாத ஜெர்மானியக் கண்ணி வயலிலேயே போய் மாட்டின.

சரி, கண்ணியில் ஏறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் தடத்தின் சில இணைப்புகள் அறுபடும். ஒன்றிரண்டு சக்கரங்கள் சேதமாகும். போர்ஷேயின் சக்கர அமைப்பு வண்டியின் வெளிப்புறத்தில் தனித்தனித் தொகுதிகளாகப் பொருத்தப்பட்டது. பட்டறைக்கு வந்துவிட்டால் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் வண்டி நிற்பது எதிரிப் பீரங்கியின் குறிக்குள். 65 டன்னை அங்கிருந்து இழுக்க 18 டன் ஃபாமோ இழுவை வண்டிகள் பலவற்றை ஒன்றாகப் பூட்ட வேண்டும். அந்த இழுவை வண்டிகளுக்குப் பேருக்குத்தான் கவசம் என்றுகூடச் சொல்ல முடியாது, திறந்த வண்டிகள். பகலில் அவற்றை அங்கே அனுப்புவது ஆட்களைக் கொல்வதற்குச் சமம். இரவில்தான் முடியும். அந்த இரவுக்குள் சோவியத் பீரங்கி நின்றுபோன வண்டியை நிதானமாக அடித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவே 653ஆம் பட்டாலியன் தனக்குக் குறிக்கப்பட்டிருந்த 257.7ஆம் குன்றை எட்டியது. ஆக, கவசமும் பீரங்கியும் தங்கள் வேலையைச் செய்தன. குன்றை எட்டியபோது கூடவே வந்திருக்க வேண்டிய காலாட்படைதான் பின்தங்கிவிட்டது. மெதுவாக நகரும் இந்தப் பெரிய வண்டிகள் எதிரியின் குண்டுமழையைத் தங்களை நோக்கி இழுத்தன. அதனால் காலாட்படையினர் அவற்றின் அருகே நிற்கவே அஞ்சினார்கள். காலாட்படையைப் பாதுகாக்க அனுப்பிய வண்டியே காலாட்படையை விரட்டியது. இது யாருடைய தவறும் இல்லை. முன்னணியில் கனரக வண்டியை விட்டால் நடக்கக்கூடிய ஒன்று. திட்டம் போட்டவர்கள் இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

பொனிரியில் எண்ணப்பட்ட 21 வண்டிகள்

அடுத்த நாட்களில் சண்டை பொனிரி ரயில் நிலையத்தைச் சுற்றி இறுகியது. எதிரே நின்றது சோவியத் 307ஆம் ரைபிள் டிவிஷன். நிலையம், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்திலிருந்த ‘மே 1’ கூட்டுப்பண்ணை என்று ஒவ்வோர் இடமும் பலமுறை கைமாறியது. ஜெர்மானியர்கள் அங்கிருந்து பின்வாங்கியபோது, நகர முடியாத ஃபெர்டினாண்டுகளை விட்டுவிட்டுப் போனார்கள். பல வண்டிகளைக் குழுவினரே வெடிவைத்தோ தீவைத்தோ அழித்தார்கள்.

ஜூலை நடுவில் சோவியத் ஆய்வுக் குழு பொனிரிப் பகுதியில் 21 ஃபெர்டினாண்டுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தது. இந்த நிகழ்வில் நமக்குக் கிடைக்கும் மிக மதிப்புள்ள சான்று இதுதான், ஏனென்றால் இங்கே யாரும் சாகசம் சொல்லவில்லை, இரும்பில் உள்ள ஓட்டைகளை எண்ணியிருக்கிறார்கள். ஏறக்குறைய பாதி வண்டிகள் கண்ணிவெடியால் நின்றவை. அடுத்த பெரிய பங்கு, பீரங்கிக் குண்டு பட்டு ஓடும் பகுதி உடைந்தவை. பக்கக் கவசம் துளைபட்டது ஒரே ஒரு வண்டியில். வான்குண்டும் கனரகப் பீரங்கிக் குண்டும் மேலிருந்து விழுந்து ஓரிரு வண்டிகளை அழித்திருந்தன. காலாட்படையினர் எரிபாட்டில் வீசி எரித்தது ஒன்று. முன்கவசம் துளைபட்ட வண்டி ஒன்றுகூட இல்லை.

ஜூலை மாதம் முழுவதற்குமான ஜெர்மானியக் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 39 ஃபெர்டினாண்டுகள் முழுமையாக இழக்கப்பட்டன. 653ஆம் பட்டாலியன் 13, 654ஆம் பட்டாலியன் 26. முதல் நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் முடங்கிய 653, மாத முடிவில் இழந்தது 13 மட்டும். முடங்கியவற்றில் பலவற்றை இழுத்து வந்து சரிசெய்துவிட்டார்கள் என்று பொருள். 654 அந்த அளவுக்கு மீட்க முடியாமல் இரட்டிப்பாக இழந்தது. தடம் அறுந்த வண்டி கிடக்கும் நிலம் நம் கையில் இருந்தால் அது பழுது. எதிரி கைக்குப் போய்விட்டால் அது இழப்பு. ஒரே வகைச் சேதம், இரண்டு வேறு முடிவுகள்.

இயந்திரத் துப்பாக்கி பற்றி

ஃபெர்டினாண்டில் முன்னோக்கிச் சுடும் இயந்திரத் துப்பாக்கி பொருத்தப்படவில்லை. உள்ளே ஓர் எம்ஜி-34 வைத்திருந்தார்கள். அதை வெளியே நீட்டிச் சுட வசதியான துளை இல்லை. அவசரத்துக்குப் பெரிய பீரங்கியின் குழல் வழியாகவே அதைச் சுட்ட குழுவினரும் உண்டு. பான்சர் படைகளின் தலைமை ஆய்வாளராக இருந்த குடேரியன் இந்தக் குறையைக் கடுமையாகச் சாடினார். போருக்குப் பிறகு எழுதியவர்கள் பெரும்பாலும் அவரையே பின்பற்றியதால், ‘துப்பாக்கி இல்லாததால் தோற்ற வண்டி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

குறை உண்மையானது. பதுங்குகுழிகளைக் கடந்து போகும்போது குழுவினர் கையாலாகாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் 21 வண்டிகளில் எரிபாட்டிலுக்குப் பலியானது ஒன்று என்றால், மீதி இருபதையும் ஒரு எம்ஜி-34 எப்படிக் காப்பாற்றியிருக்கும்? கண்ணிவெடியைத் துப்பாக்கியால் சுட முடியாது. இன்னும் சொல்லப்போனால், வண்டியின் நடுவில் இயந்திரங்களுக்கு மேலே இருந்த காற்றுச் சல்லடை வழியாகக் குண்டுச் சில்லுகள் இறங்கித் தீப்பிடிக்க வைத்தது, துப்பாக்கி இல்லாததைவிடப் பெரிய வடிவமைப்புக் குறை. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

ஓரெலில் அதே வண்டி

ஜூலை 12 அன்று சோவியத் மேற்கு முனையும் பிரியான்ஸ்க் முனையும் ஓரெலை நோக்கிப் பாய்ந்தன. குதுசோவ் நடவடிக்கை என்று அதற்குப் பெயர். 9ஆம் ராணுவம் ஒரே நாளில் தாக்குதலிலிருந்து தற்காப்புக்கு மாறியது. பொனிரியில் தப்பிய ஃபெர்டினாண்டுகளை ஓட்டைகளை அடைக்க அனுப்பினார்கள்.

இங்கே நிலைமை தலைகீழாகியது. கண்ணிவெடி வயலைக் கடக்க வேண்டியவர்கள் இப்போது சோவியத் டாங்கிகள். ஃபெர்டினாண்ட் நின்று சுடலாம். ஓரெல் பகுதியின் நீண்ட அலையலையான சமவெளி, பாக் 43க்கு என்றே அளந்து செய்ததுபோல் இருந்தது. ஜூலை 14 அன்று 653ஆம் பட்டாலியனின் லெப்டினன்ட் ஹைன்ரிக் டெரியெடெயின் வண்டி 22 டாங்கிகளை அழித்ததாகப் பதிவாகி, அவருக்கு நைட்ஸ் கிராஸ் என்ற ஜெர்மானிய வீரப் பதக்கம் கிடைத்தது. ஜூலை 5 முதல் 27 வரை ரெஜிமென்ட் மொத்தமாக அழித்ததாக உரிமை கோரிய எண்ணிக்கை 502 டாங்கிகள்.

502 என்பதை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். அடிபட்டு, பிறகு சரிசெய்யப்பட்டுத் திரும்பிய டாங்கிகளும் ஒரே டாங்கியை இருவர் எண்ணியதும் இத்தகைய கணக்குகளில் எப்போதும் இருக்கும். எதிர்ப்பக்கத்திலும் இதே மிகை இருந்தது: சோவியத் அறிக்கைகளில் எந்த ஜெர்மானியத் தானியங்கிப் பீரங்கியைக் கண்டாலும் ‘ஃபெர்டினாண்ட்’ என்று எழுதும் பழக்கம் வந்து, தயாரிக்கப்பட்ட 90ஐவிடப் பல மடங்கு ஃபெர்டினாண்டுகள் அழிக்கப்பட்டதாகக் கணக்கு ஏறியது. ஆனால் எண்ணிக்கையில் பாதியைக் கழித்தாலும், நேரடியான ஓர் உண்மை மிஞ்சுகிறது. தொலைவில் நின்று சுட்டபோது ஃபெர்டினாண்டுக்கு ஈடு கொடுக்கும் வண்டி 1943 கோடையில் சோவியத் படையிடம் இல்லை.

மோடெல் முதல் நாளிலேயே இதைச் செய்திருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். புரும்பேர்களும் தாக்குதல் பீரங்கிகளும் காலாட்படையோடு நெருங்கிச் செல்ல, ஃபெர்டினாண்டுகள் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் பின்னால் உயர்ந்த இடத்தில் நின்று, வெளிப்படும் பீரங்கிகளையும் எதிர்த்தாக்குதலுக்கு வரும் டாங்கிகளையும் அடித்திருக்கலாம். கண்ணி வயலில் வழி திறந்து, அடையாளம் வைத்து, சரிபார்த்த பிறகு அடுத்த மேட்டுக்கு நகர்ந்திருக்கலாம். முன்னேற்றம் இன்னும் மெதுவாக இருந்திருக்கும். அரணின் ஆழத்தைப் பார்க்கும்போது குர்ஸ்க்கின் முடிவு மாறியிருக்காது. ஆனால் முதல் நாள் மாலை 45இல் 12 என்ற நிலை வந்திருக்காது.

பெயர் மாறிய பிறகு

மிஞ்சிய 50 வண்டிகளும் 653ஆம் பட்டாலியனிடம் ஒப்படைக்கப்பட்டன. உக்ரைனின் நிகோபோல் பகுதியில் சண்டையிட்ட பிறகு, 1943 கடைசியிலும் 1944 தொடக்கத்திலும் சங்க்ட் வாலண்டினுக்குத் திரும்பின. அங்கே 48 வண்டிகளைப் புதுப்பித்தார்கள். முன்பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கி வந்தது, தளபதிக்குச் சுற்றிலும் பார்க்கும் குமிழ் வந்தது, தடம் அகலமானது, பெயர் எலெஃபான்ட் ஆனது. என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது, மிஞ்சிய போர்ஷே சட்டகங்கள் மூன்றை மீட்பு வண்டிகளாக மாற்றியது. பொனிரியில் கிடைத்த பாடத்தை வடிவமைப்பாளர்கள் புரிந்துகொண்டதற்கு அடையாளம் அந்த மூன்று வண்டிகள்தான். ஆனால் மூன்று போதாது.

1944 பிப்ரவரியில் 11 எலெஃபான்டுகள் இத்தாலியின் அன்சியோவுக்கு அனுப்பப்பட்டன. இப்போது துப்பாக்கி இருந்தது. ஆனால் சாலையை விட்டு இறங்கினால் சேறு. சாலையிலேயே போனால் 65 டன்னைத் தாங்காத பாலங்கள். அவற்றில் பெரும்பாலானவை பழுதாகி, இழுக்க வழியில்லாமல் இத்தாலியிலேயே கைவிடப்பட்டன. இன்று உலகில் எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று குர்ஸ்க்கில் பிடிபட்டு ரஷ்யாவில் இருக்கிறது. மற்றொன்று இத்தாலியில் பிடிபட்டு அமெரிக்காவில் இருக்கிறது.

654ஆம் பட்டாலியனின் கதை வேறு பக்கம் போனது. அது பிரான்சுக்குச் சென்று யாக்ட்பான்தர் வண்டிகளைப் பெற்றது. அதே பாக் 43, ஆனால் எடை சுமார் 46 டன், சாய்வான கவசம், நல்ல வேகம். 1944 ஜூலை 30 அன்று நார்மண்டியில் லே லோஜ் அருகே 226ஆம் குன்றில், 3ஆம் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பட்டாலியனின் சர்ச்சில் டாங்கிகளை மூன்று யாக்ட்பான்தர்கள் பக்கவாட்டிலிருந்து அணுகின. சில நிமிடங்களில் 11 சர்ச்சில்கள் போயின. சுட்ட வேகத்தில் வண்டிகள் பின்வாங்கின. ஒரு கனரக டாங்கி அழிப்பு வண்டியை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டால் இந்தச் சில நிமிடங்களைத்தான் காட்டுவேன்: எதிரி எதிர்பார்க்காத பக்கம், மறைவிலிருந்து வந்து சுடுவது, பதில் வருவதற்குள் விலகுவது. அங்கேயும் மூன்றில் இரண்டு வண்டிகள் பிறகு தடம் சேதமாகி, சற்றுத் தொலைவில் கைவிடப்பட்டிருந்ததை பிரிட்டிஷார் கண்டார்கள்.

653ஆம் பட்டாலியனுக்கோ இன்னும் கனமான வண்டி வந்தது: 70 டன்னைத் தாண்டும் யாக்ட்டைகர், 128 மி.மீ. பீரங்கி, 250 மி.மீ. முன்கவசம். பொனிரிக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலான பிறகு, ரைன் ஆற்றின் பக்கம் அந்தப் பட்டாலியன் பின்வாங்கியபோது, எதிரியின் குண்டுக்கு இழந்ததைவிட, பழுதாகி இழுக்க ஆளில்லாமல் குழுவினரே வெடிவைத்துத் தகர்த்த வண்டிகள்தான் அதிகம்.